“எங்க மலைக்கு ஏன் டீச்சர் ரயில் வரல?”

குன்னூர் நிலையத்தில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் நடைமேடையின் விளிம்பு வரை போய்விடாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அரூர் பக்கம் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் அவள்.

“டீச்சர், இதுவும் மலை. எங்க ஊரும் மலை. எங்க மலைக்கு ஏன் டீச்சர் ரயில் வரல?”

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். “நல்ல கேள்விம்மா, ஊருக்குப் போய்ப் பேசலாம்” என்று சொல்லி அவளைப் பெட்டியில் ஏற்றிவிட்டேன். உண்மையில் அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். நீலகிரி மலை ரயில் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். ஏன் அங்கே வந்தது, ஏன் இங்கே வரவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடி, ஊர் திரும்பிய பிறகு ஆறு பாடவேளைகள் செலவிட்டோம். கல்விச் சுற்றுலாவைப் பாடமாக மாற்ற விரும்பும் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

பதினான்கு இடங்கள், ஒரே கட்டுரை

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஆண்டுகளில் நான் அழைத்துச் சென்ற சுற்றுலாக்கள் எல்லாம் பட்டியல் சுற்றுலாக்கள். இரண்டு நாளில் பதினான்கு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம், ஒரு குழுப் படம், ஐஸ்கிரீம், மறுபடியும் பேருந்து. திரும்பியதும் “நான் சென்ற சுற்றுலா” என்று கட்டுரை எழுதச் சொல்வேன். எல்லா நோட்டிலும் ஒரே வரி இருக்கும்: “நாங்கள் மகிழ்ச்சியாகச் சென்று மகிழ்ச்சியாகத் திரும்பினோம்.” கோட்டையைப் பார்த்த பிள்ளைக்கும் கடற்கரையைப் பார்த்த பிள்ளைக்கும் எழுத்தில் வேறுபாடே இருக்காது.

இன்னொரு தவறும் உண்டு. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பணம் கட்டி வந்தவர்கள் இருபத்தேழு பேர். மீதிப் பதினொரு பேர் அந்த நான்கு நாளும் வேறு வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் திரும்பி வந்து கதை கதையாகச் சொன்னபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் மாவட்டத்துப் பள்ளிகளில் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியும். சுற்றுலாவைப் பாடம் என்று சொன்னால், அந்தப் பாடம் பணம் கட்டிய பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது.

இந்த முறை இரண்டு நாள் சென்னை, இரண்டு நாள் உதகை என்று திட்டம். மொரப்பூரில் ரயிலேறிச் சென்னை. அங்கிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரசில் மேட்டுப்பாளையம். மலை ரயிலில் எல்லோருக்கும் குன்னூர் முதல் உதகை வரைதான் இடம் கிடைத்தது. மலைச்சரிவை ஏறிக் கடக்கும் கீழ்ப்பகுதியைப் பேருந்தில்தான் கடந்தோம். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஆங்கிலேயர் ஆட்சியில் நகரங்கள் மாறிய விதம் பற்றிய பாடம் இருக்கிறது. அதை ஒட்டியே இடங்களைத் தேர்ந்திருந்தேன். ஆனால் அந்த இடங்களுக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த மாணவிதான்.

முதல் பாடவேளை: தலைநகருக்கு ஏன் ஒரு மலை?

இந்திய வரைபடத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டேன். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் சிவப்புப் பொட்டு வைத்தோம். மூன்றும் கடல்வழி வந்த வணிகர்களின் நகரங்கள். பிறகு டார்ஜிலிங், மகாபலேஸ்வர், உதகை ஆகிய இடங்களில் பச்சைப் பொட்டு. ஒவ்வொரு சிவப்புப் பொட்டையும் அதற்குரிய பச்சைப் பொட்டோடு நூலால் இணைத்தோம். வங்காளத்துக்கு டார்ஜிலிங், பம்பாய்க்கு மகாபலேஸ்வர், சென்னை மாகாணத்துக்கு உதகை. கல்கத்தாவில் இருந்த இந்தியத் தலைமை அரசே 1864 முதல் கோடையில் சிம்லாவுக்குப் போனது. நூல் கட்டி முடித்ததும் பிள்ளைகளே கேட்டார்கள்: “ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மலை ஊர் இருக்குதே, ஏன்?”

இங்கே கணக்கு ஆசிரியரின் உதவியைப் பெற்றேன். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சென்னை ஏறத்தாழ கடல் மட்டத்தில் இருக்கிறது. உதகை 2240 மீட்டர். 2.24ஐ 6.5ஆல் பெருக்கினால் 14.56. சென்னையில் மே மாதப் பகலில் 38 டிகிரி என்று கொண்டால், அதே நாளில் உதகையில் சுமார் 23.5 டிகிரி இருக்க வேண்டும். உதகையின் மே மாதப் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 20க்கும் 25க்கும் இடையில்தான். கணக்கு பலித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

டார்ஜிலிங் சுமார் 2040 மீட்டர், சிம்லா சுமார் 2200 மீட்டர். ஒன்று கிழக்கு இமயமலையில், ஒன்று மேற்கு இமயமலையில், உதகை தென்கோடியில் இருக்கிறது. ஆனாலும் மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரம். குளிர் நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்க் குளிர் கிடைக்கும் உயரத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். டார்ஜிலிங்கை 1835இல் சிக்கிம் அரசரிடமிருந்து கம்பெனி பெற்றபோது சொன்ன காரணமும் நோயுற்ற ஆங்கிலேயர் உடல் தேறும் இடம் வேண்டும் என்பதே.

சித்தேரிப் பெண் உடனே தன் மலையின் உயரத்தைக் கேட்டாள். ஏற்காட்டோடு ஒப்பிட்டேன். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். சித்தேரி மலையில் ஊர்கள் இருப்பது அதைவிடத் தாழ்வான இடங்களில். “அப்ப எங்க மலை அவங்களுக்குப் பத்தலையா?” என்றாள். பதிலின் முதல் பாதி கிடைத்துவிட்டது.

இரண்டாம் பாடவேளை: கோட்டைக்குள் நம் ஊர்

சென்னையில் இந்த முறை நான்கே இடங்கள்தான் பார்த்தோம்: புனித ஜார்ஜ் கோட்டை, அதற்கு வெளியே ஜார்ஜ் டவுன் தெருக்கள், மன்றோ சிலை, எழும்பூர் அருங்காட்சியகம்.

கோட்டைக்கு நிலம் கிடைத்தது 1639இல். கட்டத் தொடங்கியது 1640இல். உள்ளே இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் ஒரே கேள்வி எழுதிய சீட்டு கொடுத்தேன்: “இந்தச் சுவருக்கு உள்ளே யார் இருந்தார்கள்? வெளியே யார் இருந்தார்கள்?” உள்ளே ஐரோப்பியர் வாழ்ந்த பகுதியை வெள்ளையர் நகரம் என்றும், வெளியே நெசவாளரும் வணிகரும் கூலித் தொழிலாளரும் வாழ்ந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்றும் அழைத்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்து, 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பிய பிறகு, கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகளை இடித்தார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கம்தான் அது. 1892இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்த ஒரு மாணவன், “அப்ப இதுக்கு அடியில வீடு இருந்துச்சா டீச்சர்?” என்றான். அவன் நோட்டில் இந்த முறை வேறு வரி இருந்தது.

கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் பெரிய பளிங்குச் சிலை ஒன்று உண்டு. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செதுக்கியது. பெரும்பாலோர் சிலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் போனால் அதன் பீடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திப்பு சுல்தானின் இரண்டு சிறு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அது 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. அதே உடன்படிக்கையில்தான் பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது. பாராமகால் என்றால் நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பகுதி. முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த பிள்ளைகள், தங்கள் மண் கைமாறிய நாளை ஒரு கல்லில் பார்த்தார்கள். அந்த இடத்தில் நாங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம்.

அடுத்து அண்ணா சாலையில் தீவுத்திடல் அருகே குதிரைமீது அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ. 1839இல் நிறுவப்பட்ட சிலை. செதுக்கியவர் பிரான்சிஸ் சான்ட்ரி. சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்று எல்லோரும் சொல்லும் கதையைப் பிள்ளைகளும் கண்ணால் சரிபார்த்தார்கள். நான் சொன்ன கதை வேறு. 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ் இதே மன்றோ பாராமகாலில் நில அளவையும் வரி வசூலும் செய்தார். அவர் குடியிருந்தது தருமபுரியில். அங்கே தாமே அமைத்த தோட்டத்தைப் பற்றிக் குடும்பத்தாருக்கு வாஞ்சையோடு கடிதம் எழுதியவர். விவசாயியிடமே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை நம் மாவட்டத்து வயல்களில்தான் பழகிப் பார்க்கப்பட்டது. இடைத்தரகர் இல்லை என்பது அதன் நன்மை. விளைந்தாலும் காய்ந்தாலும் பணமாகக் கட்ட வேண்டிய வரி என்பது அதன் சுமை. இரண்டையும் சொன்னேன்.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். 1822இல் மாகாணத்தில் இருந்த நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டவர் அவர்தான். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். திண்ணைகளில் நடந்த அந்தப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. இந்தக் கணக்கைச் சொன்னதும் மாணவிகள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “அப்ப நாங்க எண்ணிக்கையிலயே இல்லையா?” இந்தக் கேள்விக்காகவே ஒரு தனி வகுப்பு எடுக்கலாம்.

மூன்றாம் பாடவேளை: மலை யாருடையது?

மன்றோ 1826இல் உதகைக்கும் வந்திருக்கிறார். அவரை வரவேற்றவர் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன். 1819இல் மலையேறி வந்த சல்லிவன் 1822இல் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். ஏரியை வெட்டச் செய்தார். உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார். கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. தாவரவியல் பூங்கா 1848இல் வில்லியம் மெக்கைவர் என்பவரின் பொறுப்பில் உருவாகத் தொடங்கியது.

“சல்லிவன் உதகையைக் கண்டுபிடித்தார்” என்று பல கையேடுகளில் இருக்கும். வகுப்பில் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, “இதில் என்ன தவறு?” என்று கேட்டேன். பதில் சொன்னவன் சிரித்த பையன்களில் ஒருவன். “அங்கதான் ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்களே டீச்சர்.” தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளும் படகர்களும் வாழ்ந்த மலை அது. தோடர்களின் மந்து ஒன்று தாவரவியல் பூங்காவின் மேல்பக்கத்திலேயே இருக்கிறது. எருமை மேய்ந்த புல்வெளிகள் ஏரியாகவும் பங்களாவாகவும் தோட்டமாகவும் மாறின. மேட்டுப் புல்வெளியும் பள்ளத்துச் சோலையுமாக இருந்த நிலத்தில் தைல மரமும் சீகை மரமும் நட்டார்கள். முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். படகு சவாரியைக் குறைத்துக்கொண்டாவது செல்லலாம்.

தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டதோடு விடவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பிள்ளைகள் பேசினார்கள். அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுவே இன்றைய டேன்டீ. ஒரு கோப்பைத் தேநீருக்குள் இத்தனை பயணம் இருக்கிறது என்று ஒரு மாணவி எழுதினாள். பெற்றோர் பெங்களூரில் இருக்கும் பிள்ளை அவள்.

நான்காம் பாடவேளை: ரயில் எதற்காக ஏறியது?

இப்போது கேள்விக்கு வந்தோம். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899இல் திறக்கப்பட்டது. உதகை வரை நீண்டது 1908இல். நீளம் சுமார் 46 கிலோமீட்டர். 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2203 மீட்டர் வரை ஏறுகிறது. பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். 1877 மீட்டர் ஏற்றம், 46,000 மீட்டர் தூரம். சராசரியாக 24.5 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்தில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். அங்கே சாதாரணச் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் உள்ள இரும்புப் பட்டை. இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். மொத்தம் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள்.

டார்ஜிலிங் ரயில் 1881இல் வந்தது. அதில் பற்சக்கரம் இல்லை. மலையைச் சுற்றி வளையமிட்டும், முன்னே போய்ப் பின்னே வந்து மேலேறியும் அதே உயரத்தை எட்டுகிறது. ஒரே சிக்கலுக்கு இரண்டு விடைகள். அட்டையில் இரண்டு சாய்தளம் செய்து, ஒன்றில் நேராகவும் மற்றதில் கோணல்மாணலாகவும் பொம்மை வண்டியை இழுக்கச் சொன்னேன். எதில் விசை குறைவு, எதில் தூரம் அதிகம் என்பதைப் பிள்ளைகளே கண்டார்கள். அறிவியல் ஆசிரியர் பிறகு இதையே எளிய எந்திரங்கள் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார். டார்ஜிலிங் ரயிலை 1999இலும் நீலகிரி ரயிலை 2005இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இத்தனை செலவும் உழைப்பும் ஏன்? மேலே ஆளுநரின் கோடை அரசு இருந்தது. வெலிங்டனில் படை முகாம் இருந்தது. தேயிலை, காப்பி, சின்கோனா தோட்டங்கள் இருந்தன. ஆள், கோப்பு, படை, சரக்கு எல்லாம் ஏற வேண்டும், இறங்க வேண்டும். சித்தேரி மலையில் சாமையும் கேழ்வரகும் புளியும் விளைந்தன. அவற்றை எடுத்துப்போகக் கம்பெனிக்கோ அரசுக்கோ அவசரம் இல்லை. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த ஏற்காட்டுக்கே ரயில் ஏறவில்லை. ஆக, மலை அழகாக இருக்கிறது என்பதற்காக ரயில் வரவில்லை. யாருக்குத் தேவை இருந்ததோ, யார் கையில் பணமும் அதிகாரமும் இருந்தனவோ, அவர்கள் இருந்த இடத்துக்கு வந்தது.

இதைச் சொன்னபோது வகுப்பு சற்று அமைதியானது. பிறகு நான் இன்னொரு செய்தி சொன்னேன். நம் மாவட்டத்துக்கும் ஒரு குட்டி ரயில் வந்தது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், அது நிறுத்தப்பட்டது. உதகை ரயில் இன்றும் ஓடுகிறது, உலகச் சின்னமாக. நம் ரயிலின் சுவடு வயல்களில் கரைந்துவிட்டது. அதை மீண்டும் அமைக்க வேண்டும் என்பது நம் மக்களின் நீண்ட நாள் கோரிக்கை.

வீட்டுப்பாடமாக ஒரே வேலை கொடுத்தேன்: “பழைய ரயிலைப் பற்றித் தாத்தா, பாட்டி யாருக்காவது அவர்கள் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, கேட்டு வாருங்கள்.” சுற்றுலாவுக்கு வராத பதினொரு பேரில் நான்கு பேர்தான் அதிகச் செய்தி கொண்டுவந்தார்கள். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் அல்லவா! அன்று முதல்முறையாக அவர்கள் பேச, சுற்றுலா போனவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் பாடவேளை: ஒரே ஆண்டு, இரண்டு காட்சிகள்

பஞ்சத்துக்காக ரயில் என்றதும் எந்தப் பஞ்சம் என்று கேட்டார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பற்றிப் பேசினோம். அப்போது நாம் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்தான். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. சென்னையில் நாங்கள் பாலத்திலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதி, அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பசித்த மக்களைக் கொண்டு வெட்டப்பட்டது. ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அவர் காலத்தில், அதே 1877இல்தான், உதகையில் ஆளுநர் மாளிகை கட்டும் பணியும் தொடங்கியது.

இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நான் எதுவும் சொல்லவில்லை. கருத்துச் சொல்லாமல் இருப்பதும் சில நேரங்களில் கற்பித்தல்தான். பிள்ளைகள் தாமாகவே பேசினார்கள். ஒருவன் கோபப்பட்டான். ஒருத்தி, “கால்வாய் வெட்டுனதால கூலி கிடைச்சுதே, அது நல்லதுதானே?” என்றாள். இருவரையும் பேசவிட்டேன். வரலாற்றைப் பழி சொல்லவோ புகழவோ மட்டும் பயன்படுத்தாமல், எடைபோட்டுப் பார்க்கப் பழகட்டும்.

ஆறாம் பாடவேளை: சித்தேரிக்கு ஒரு கையேடு

கடைசி வேலையாக, குழுக்களாகப் பிரிந்து “எங்கள் ஊருக்கு வாருங்கள்” என்று எட்டுப் பக்கக் கையேடு தயாரித்தார்கள். அதியமான்கோட்டை, ஒகேனக்கல், தீர்த்தமலை, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடம். சித்தேரிக் குழுவுக்கு அந்த மாணவியே தலைவி. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகப் பாட்டி சொன்ன கதையை எழுதினாள். சாமைச் சோறு, மழைக்கால ஓடை, பள்ளிக்கு நடந்துவரும் பாதை எல்லாம் படமாக இருந்தன.

கடைசிப் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. அதில் எப்படி வருவது, எங்கே தங்குவது என்று எழுத வேண்டும். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“நிறைய பேர் வந்தா நல்லாத்தான் இருக்கும் டீச்சர். ரோடு போடுவாங்க, பஸ் விடுவாங்க. ஆனா ஊட்டி மாதிரி ஆயிடுமே. அங்க நாம போன பஸ்ஸே அவ்ளோ நேரம் நின்னுச்சே.”

உதகைக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி வந்த ஏற்பாடு அது. மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்ற கேள்வியை அரசும் நீதிமன்றமும் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதே கேள்வியைத் தன் ஊருக்காகக் கேட்டாள். வகுப்பு முழுவதும் விவாதித்தது. கடைசியில் அவள் அந்தப் பக்கத்தில் எழுதியது மூன்று விதிகள்: ஊர்க்காரரைக் கேட்டுவிட்டு வரவும். பிளாஸ்டிக் கொண்டுவர வேண்டாம். படம் எடுக்கும் முன் பெயர் கேட்கவும்.

சக ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

புறப்படும் முன்: இடங்களைப் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்விகளைச் சுற்றுலாவுக்கு வராத பிள்ளைகள் தயாரிக்கட்டும். போகிறவர்கள் அவர்களுக்காக விடை தேடி வரட்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். துறை அனுமதி, பெற்றோர் இசைவுக் கடிதம், முதலுதவிப் பெட்டி, மலைப் பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு எலுமிச்சை, பெண் ஆசிரியர் துணை ஆகியவற்றை எப்போதும்போல் உறுதிசெய்யுங்கள்.

சென்ற இடத்தில்: தேதிகளை எழுதச் சொல்லாதீர்கள், அவை புத்தகத்தில் இருக்கின்றன. கண்ணால் கண்டது, காதால் கேட்டது, புரியாதது என்று மூன்று பத்தி போதும். மூன்றாம் பத்திதான் முக்கியம். அங்கே வேலை செய்கிறவர் ஒருவரிடமாவது பிள்ளைகள் மரியாதையோடு பேசட்டும்.

திரும்பிய பின்: சுற்றுலாவின் பாதிப் பாடம் இங்கேதான். எந்த ஊரைப் பார்த்தாலும், அதிலிருந்து நம் ஊருக்கு ஒரு நூல் இருக்கும். அதைத் தேடுங்கள். செலவு செய்து தொலைவு போக முடியாத பள்ளிகள் தருமபுரியிலிருந்தே தொடங்கலாம். அதியமான்கோட்டைக்கு நகரப் பேருந்து போகிறது.

அந்தக் கையேடு இப்போது எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு சுற்றுலாவைத் திட்டமிட உட்கார்ந்தபோது, போன ஆண்டு வர முடியாத பதினொரு பேரையும் முதலில் அழைத்துக் கேட்டேன்: “எங்கே போகலாம்?” அவர்கள் ஒருமனதாகச் சொன்னது சித்தேரி. ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்க, அந்த மாணவியின் அப்பாவிடம் பேசியிருக்கிறோம். பேருந்துச் செலவு குறைவு. இந்த முறை முப்பத்தெட்டுப் பேரும் வருகிறார்கள்.